மண்ணில் வீடு கட்டும் பிள்ளை: விளையாட்டுச் சிகிச்சை என்றால் என்ன?

2005ஆம் ஆண்டின் முதல் மாதங்கள். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலையில் சுனாமியால் வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. அங்கே தொண்டராகப் போய்வந்த நாட்களில் ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து மண்ணில் வீடு கட்டுவார்கள். சிரட்டையில் மண் நிரப்பிக் கவிழ்த்துச் சுவர், அதன் மேல் தென்னோலைக் கீற்று, சுற்றிவரக் குச்சி நட்டு வேலி. எல்லாம் முடிந்ததும் ஒருவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். "கடல் வருது, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்து, ஈரமண்ணை வழித்தெடுத்து, மறுபடியும் கட்டுவார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர்களால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் ஓர் அம்மம்மா விளக்குமாறோடு வந்து, "அந்தக் கதையை எடுக்காதீங்க புள்ளைகள்" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டார். அவருடைய இழப்பு எனக்குத் தெரியும். அவர் செய்தது சரி என்றுதான் நானும் நினைத்தேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

பிற்காலத்தில் உளவளத்துணை படித்துப் பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான், அன்று நாங்கள் எதைக் கலைத்தோம் என்பது விளங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை. வாளிக்குள் இருந்த கடலோ அந்தப் பிள்ளைகள் சொன்னால்தான் வரும். ஓடுவதற்கு நேரம் தரும். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். தங்களை விழுங்க வந்த ஒன்றைக் கைக்கு அடக்கமாகச் சுருக்கி, அதற்குத் தாங்களே எசமானாகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்யும்படி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விளையாட்டுச் சிகிச்சை என்பது இந்த இயல்பான திறமையின் மேல் கட்டப்பட்ட ஒன்று. பயிற்சி பெற்ற ஒருவர், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், ஒழுங்கான நேரத்தில், பிள்ளை விளையாடுவதற்குத் துணையாக இருப்பார். பயம், கோபம், துக்கம், வெட்கம் போன்றவற்றைப் பிள்ளை வாயால் சொல்லத் தேவையில்லை. விளையாட்டாக வெளியே எடுத்துவைக்கலாம். பெரும்பாலும் மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

ஏன் விளையாட்டு, ஏன் பேச்சு இல்லை?

பெரியவர் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் யாரிடமாவது கதைத்து ஆறுதல் அடைகிறார். ஐந்து வயதுப் பிள்ளையைக் கதிரையில் இருத்தி, "உனக்கு என்ன கவலை மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்டுமில்ல" என்பான். பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பதற்குப் பெயர் வைக்க அவனிடம் இன்னும் சொல் இல்லை. "அப்பா குடிச்சிட்டு வந்தால் அம்மாவுக்கு அடி விழுமோ என்று எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று ஒரு வாக்கியத்தை அமைக்க வேண்டுமென்றால், காலம், காரணம், தன் உணர்வு, மற்றவரின் நிலை என்று எத்தனை விஷயங்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்க வேண்டும்! அதே பிள்ளை ஒரு பெரிய பொம்மையைத் தள்ளாடித் தள்ளாடி நடக்க வைத்து, சின்னப் பொம்மையைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைப்பான். அந்த வாக்கியத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்துவிட்டான்.

கரி லாண்ட்ரெத் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பிள்ளைகளுக்கு விளையாட்டே மொழி, விளையாட்டுச் சாமான்களே சொற்கள் என்பார். இந்தத் துறையில் அதிகம் எடுத்துச் சொல்லப்படும் கருத்து இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் பெரியவர்களே பேசாமல் இருந்து பழகியவர்கள். 1978 நவம்பர் சூறாவளி, பிறகு 2009 வரை நீண்ட யுத்தம், நடுவில் சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்பு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் "கிளறாதே", "மறந்திரு", "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்றே சொல்லி வந்திருக்கிறோம். அது கல்நெஞ்சத்தால் வந்த பேச்சில்லை, தப்பிப் பிழைப்பதற்கான வழியாக இருந்தது. ஆனால் வீட்டில் யாரும் பேசாத ஒன்றைப் பற்றிப் பேசக்கூடாது என்று பிள்ளை மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய்க் கேள்வி கேட்பது பூட்டிய கதவை உதைப்பது போலத்தான். விளையாட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை. "இது நான் இல்ல, இந்தக் கரடி" என்று சொல்லிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது?

வரலாற்றை நீட்டப் போவதில்லை. ஆனால் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டு தன் ஒன்றரை வயதுப் பேரன் விளையாடுவதைக் கவனித்து 1920இல் எழுதினார். நூல் கட்டிய ஒரு மர உருளையைக் குழந்தை கட்டிலுக்கு அப்பால் எறிந்து 'போய்விட்டது' என்னும், நூலைப் பிடித்து இழுத்து 'இதோ' என்னும். இதையே ஓயாமல் செய்தது. அம்மா வெளியே போவதையும் வருவதையும் அந்தக் குழந்தை தன் கையில் எடுத்துக்கொண்டது என்று ஃபிராய்டு கருதினார். முந்தானையால் முகத்தை மூடி "அம்மாவக் காணோம்... இந்தா இருக்கிறா!" என்று நாம் கைக்குழந்தைக்குக் காட்டும் விளையாட்டும் இதேதான். எத்தனை தலைமுறையாகச் செய்கிறோமோ தெரியாது, பிரிவைத் தாங்கும் பயிற்சியை நாம் சிரிக்கச் சிரிக்கக் கொடுத்துவந்திருக்கிறோம்.

ஃபிராய்டின் மகள் அனாவும், அதே வழியில் வந்த மெலனி கிளைன் என்ற உளப்பகுப்பாய்வாளரும் பிள்ளைகளின் சிகிச்சைக்குள் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். 1928இல் லண்டனில் பிள்ளைகளுக்கான கிளினிக் ஒன்றைத் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்ட், மண் நிரப்பிய தட்டும் சின்னச்சின்ன உருவங்களும் கொடுத்தபோது பிள்ளைகள் தங்கள் 'உலகத்தை' அதில் கட்டிக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் அதைப் பின்னர் மணல் விளையாட்டுச் சிகிச்சையாக வளர்த்தார். வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947இல் எழுதிய புத்தகத்தில் சிகிச்சையாளர் நடந்துகொள்ள வேண்டிய எட்டு விதிகளைத் தந்தார். அவற்றின் சாரம்: பிள்ளையை உள்ளபடி ஏற்றுக்கொள், அது வழிகாட்டட்டும், நீ பின்னால் போ, அவசரப்படுத்தாதே. பாதுகாப்புக்குத் தேவையான எல்லைகளை மட்டும் வை. இன்றும் நாங்கள் வேலை செய்வது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

எங்கள் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. யேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும், போல் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும் அதன் பின்னால் இருந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, மண், நிறம், களிமண், கதை, நாடகம், மரம் செடி, மிருகங்கள் இவற்றோடு விட்டார்கள். கண்டிப்பான அர்த்தத்தில் அது விளையாட்டுச் சிகிச்சை அறை அல்ல, ஒரு தோட்டம். ஆனால் பிள்ளைக்கு முதலில் தேவை பயமில்லாமல் விளையாட ஓர் இடம் என்பதைத் துப்பாக்கிச் சூடு கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வு வரும்.

அறைக்குள் என்ன நடக்கிறது?

பலர் கேட்கும் கேள்வி இது. "சும்மா விளையாட விடுறதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வாறம்?" என்று ஒரு தாய் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து ஏழு வயது மகன். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம். அம்மம்மாவோடு இருக்கிறான். நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. காலையில் வயிற்றுவலி, பள்ளிக்கூடத்தில் அடிபிடி. அம்மம்மா நூல் கட்டிப் பார்த்தார், கண்ணூறு கழித்துப் பார்த்தார். நூல் கட்டியதை நான் குறை சொல்வதில்லை. பிள்ளைக்காக யாரோ கவலைப்படுகிறார்கள் என்பதை அந்த நூலும் சொல்கிறது.

அறையில் பாய் விரித்திருக்கும். தட்டுகளில் சாமான்கள் எப்போதும் அதே இடத்தில் இருக்கும். பிள்ளையின் வாழ்க்கையில் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது இந்த ஒழுங்கே ஓர் ஆறுதல். குடும்பப் பொம்மைகள், சட்டிபானை, டொக்டர் சாமான், போன், ஆட்டோ, விமானம் என்று அன்றாட வாழ்க்கையைக் காட்டுபவை ஒரு பக்கம். புலி, முதலை, பாம்பு, குத்துவதற்கு ஒரு தலையணை என்று கோபத்தை வெளியேற்றுபவை இன்னொரு பக்கம். களிமண், நிறப் பென்சில், மண் தட்டு, சிப்பி, சிரட்டை என்று எதையும் உருவாக்கக்கூடியவை மற்றொரு பக்கம். விலை கூடிய சாமான் தேவையில்லை. மின்கலம் போட்டுப் பாட்டுப் பாடும் பொம்மை இந்த வேலைக்கு உதவவே உதவாது. அது தானே எல்லாவற்றையும் செய்துவிடும், பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

முதல் நாள் நான் சொன்னது இவ்வளவுதான்: "மகன், இது விளையாடுற அறை. இங்க நீ விரும்பின மாதிரி விளையாடலாம். ஏதாவது செய்யக்கூடாது எண்டால் நான் சொல்லுவன்." அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நானும் பேசாமல் இருந்தேன். இருபது நிமிடம் அப்படியே போனது. புதிதாகப் பயிற்சி பெறுகிறவர்கள் இந்த இருபது நிமிடத்தில்தான் பொறுமை இழந்து, "இந்தா, கார் எடு" என்று கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் அது என்னுடைய விளையாட்டாகிவிடும்.

மூன்றாம் கிழமை அவன் ஒரு பெண் பொம்மையை விமானத்தில் ஏற்றினான். அறையைச் சுற்றிப் பறக்க விட்டான். அலுமாரிக்குப் பின்னால் விமானத்தைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மண்ணில் விளையாடப் போய்விட்டான். அடுத்த கிழமையும் அதேதான். அதற்கடுத்த கிழமையும். நான் "அது அம்மாவா?" என்று கேட்கவில்லை. "அவ போயிட்டா. அவ எங்க எண்டு தெரியேல்ல" என்று மட்டும் சொன்னேன். அவன் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தான்.

இங்கே சிகிச்சையாளர் செய்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிள்ளை செய்வதைச் சொல்லிக்கொண்டு வருகிறார், ஒரு விளையாட்டு வர்ணனையாளர் போல, ஆனால் மெதுவாக. "அதை மேல வைக்கிறாய்." "இப்ப எல்லாரையும் மூடிட்டாய்." நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அது பிள்ளைக்கு உணர்த்துகிறது. அடுத்தது, உணர்வுக்குப் பெயர் கொடுக்கிறார். "புலிக்குச் சரியான கோவம்." பிள்ளை புலி வேஷத்தில் இருக்கும்போது புலியின் கோபத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். "உனக்கு யார் மேல கோவம்?" என்று முகமூடியைப் பிடுங்கக்கூடாது. பிள்ளையால் செய்யக்கூடியதை அதனிடமே விடுகிறார். "இது என்ன மாமி?" என்று ஒரு சாமானைக் காட்டினால், "இங்க அது நீ சொல்றதுதான்" என்பார்.

அப்புறம், பாராட்டுவதும் இல்லை. இது எங்கள் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மிகவும் விசித்திரமாகப் படும். "ஆ, வடிவான படம்!" என்று நான் சொன்னால், அடுத்த படத்தைப் பிள்ளை எனக்காக வடிவாகக் கீறும். உள்ளே இருக்கும் அசிங்கமான, பயங்கரமான படம் வெளியே வராது. அதனால் "நிறைய நேரம் எடுத்துக் கீறியிருக்கிறாய். இந்த இடத்தில நல்லா அழுத்திக் கீறியிருக்கிறாய்" என்று கண்ணில் பட்டதைச் சொல்வோம்.

எல்லை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை மண்ணை என் முகத்தில் வீச வந்தால் மூன்று படியில் நிறுத்துவேன். முதலில் அதன் உணர்வை ஏற்பேன்: "உனக்கு என்னில கோவம்." பிறகு எல்லை: "ஆனால் நான் வீசுறதுக்கு இல்ல." பிறகு மாற்று வழி: "அந்தத் தலையணைக்கு வீசலாம்." சத்தம் போடுவதோ அடிப்பதோ இல்லை. கோபப்படலாம், ஆனால் யாருக்கும் நோவு வரக்கூடாது என்பதை எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாக இந்த இடத்தில்தான் அனுபவிக்கிறார்கள்.

துப்பாக்கிப் பொம்மை வைக்கலாமா என்பது எங்கள் மாவட்டங்களில் தனி விவாதம். மற்ற நாடுகளில் பல விளையாட்டறைகளில் வைத்திருப்பார்கள். நான் உண்மையானதைப் போல் இருக்கும் துப்பாக்கியை வைப்பதில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி வளர்ந்த ஒரு தாய் அதை என் அலுமாரியில் கண்டால் எப்படி நிற்பார் என்று யோசித்து எடுத்த முடிவு. ஆனால் ஒரு பிள்ளை தடியை எடுத்துத் 'டுமீல்' என்றால் நான் தடுப்பதில்லை. எதிலிருந்து தன்னைக் காக்க நினைக்கிறதோ அதை முதலில் சுட வேண்டும். சுட்டு முடிந்த பிறகுதான் காயப்பட்டவருக்கு மருந்து கட்டும் விளையாட்டு வரும். பல பிள்ளைகளிடம் இந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன்.

சரி, விமானத்துக்கு வருவோம். எட்டாம் கிழமையோ ஒன்பதாம் கிழமையோ அவன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து விமானத்தை எடுத்தான். பெண் பொம்மையை இறக்கி, மண்ணில் கட்டியிருந்த வீட்டின் முன்னால் நிறுத்தினான். "கதவத் திறக்க மாட்டன்" என்றான். "அவ வந்து நிக்கிறா. உள்ள இருக்கிறவனுக்குத் திறக்க மனமில்லை" என்றேன். "ஓம். அவன் கோவம்." "விட்டுட்டுப் போனபடியால் கோவம்." அவன் பதில் சொல்லவில்லை. அன்று முழுவதும் அந்தப் பொம்மை வெளியே நின்றது. இரண்டு கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைத்தான். ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தான். கதவு திறந்ததா என்று கேட்பீர்கள். கடைசி வரை அவன் கதவு வைக்கவே இல்லை. ஆனால் படுக்கை நனைவது அந்தக் காலத்திலேயே படிப்படியாகக் குறைந்து வந்தது. வீடியோ கோலில் அம்மா அழைத்தால் ஓடி ஒளிந்துகொள்ளும் பிள்ளை, அலைபேசியை வாங்கி, தான் வளர்க்கும் கோழிக்குஞ்சைக் காட்டத் தொடங்கினான்.

அம்மா திரும்பி வரவில்லை, ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. சிகிச்சையால் அதை மாற்ற முடியாது. அம்மா மேல் கோபப்பட்டாலும் அம்மா அழிந்துபோக மாட்டார், தானும் கெட்ட பிள்ளை ஆகிவிட மாட்டேன் என்பதை அவன் பத்திரமான ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டான். அதே காலத்தில் அம்மம்மாவோடும் வேலை நடந்தது. "அம்மா உனக்காகத்தான கஷ்டப்படுறா, அழக்கூடாது" என்று அவர் சொல்வதை நிறுத்தியது பாதி மருந்து என்றே சொல்வேன்.

திரும்பத் திரும்ப ஒரே விளையாட்டு என்றால் நல்லதா, கெட்டதா?

பெரும்பாலும் நல்லது. ஒவ்வொரு முறையும் சிறிதாவது ஏதோ மாறும். வீடு கொஞ்சம் பெரிதாகும், ஒருவர் காப்பாற்றப்படுவார், பொலிஸ் வரும், ஜன்னல் முளைக்கும். ஆனால் ஒரு வகையான விளையாட்டைக் கவனித்துத் தனியாகப் பார்க்க வேண்டும். 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில் ஒரு பாடசாலை பஸ்ஸோடு 26 பிள்ளைகளைக் கடத்தி நிலத்துக்குக் கீழே அடைத்துவைத்தார்கள். எல்லோரும் தப்பி வந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சிலருடைய விளையாட்டு அப்படியே உறைந்துபோயிருப்பதைக் கண்டார். அதே நிகழ்வு, அதே முடிவு, முகத்தில் மகிழ்ச்சி இல்லை, விளையாடி முடித்தபின் ஆறுதலும் இல்லை. அப்படியான பிள்ளையைத் தானாக மீளும் என்று விட்டுவிடக்கூடாது. பயிற்சி பெற்றவர் மெதுவாக உள்ளே வந்து, "ஆரும் உதவிக்கு வர மாட்டாங்களா?" என்று ஒரு சின்ன வழியைத் திறந்துவிட வேண்டியிருக்கும். இப்படிச் சிகிச்சையாளர் கொஞ்சம் முன்னின்று வழிகாட்டும் முறையும் உண்டு. மூச்சை நிதானமாக்கக் கற்றுக்கொடுக்கச் சவர்க்கார முட்டை ஊத வைப்பது அதில் எளிய ஒன்று. பெரிய முட்டை வர வேண்டுமென்றால் மெதுவாகத்தான் ஊத வேண்டும். "ஆழமாக மூச்சு விடு" என்று சொல்லிப் புரிய வைக்க முடியாததை அந்த முட்டை புரிய வைத்துவிடும்.

அந்த 2005 மண் வீடுகள் எந்த வகை? பிள்ளைகள் சிரித்தார்கள், ஓடினார்கள், ஒவ்வொரு நாளும் வேலியை வேறு மாதிரி நட்டார்கள். ஒருநாள் ஒரு சிறுமி வீட்டை உயரமான மண்மேட்டில் கட்டினாள். அது உறைந்த விளையாட்டு இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது துப்பறியும் வேலை இல்லை. கறுப்புப் பென்சிலால் கீறினால் துக்கம், பொம்மையின் தலையைக் கழற்றினால் வன்முறை என்று இணையத்தில் படித்துவிட்டு முடிவுகட்டாதீர்கள். சில நேரம் கறுப்புப் பென்சில் மட்டும்தான் கூராக இருந்திருக்கும். ஒரு விளையாட்டின் பொருள் பல கிழமைகளில், பிள்ளையின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். சில விளையாட்டின் பொருள் கடைசிவரை தெரியாமலே பிள்ளை குணமாகிப் போனதும் உண்டு.

பலன் உண்டா?

2005இல் சூ பிராட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், அதுவரை நடந்த 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பெறாத பிள்ளைகளைவிடத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். 35 முதல் 40 அமர்வுகள் வரை கிடைத்தபோது பலன் உச்சமாக இருந்தது. பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டு செய்தபோது பலன் இன்னும் கூடியது.

35 தடவை பஸ் ஏறி வரக்கூடிய குடும்பம் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு நாளைக் கழிக்க வேண்டும். அதனால்தான் கடைசியாகச் சொன்ன முடிவு எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. 1960களில் பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதியர் தொடங்கிய இந்த வழியில், பெற்றோர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பிள்ளையோடு 'விசேட விளையாட்டு நேரம்' வைத்துக்கொள்வார்கள். ஒரு சிகிச்சையாளரின் மேற்பார்வையில் இதைச் செய்வதே முறை. ஆனால் இதன் எளிய வடிவத்தைப் பெரிய சிக்கல் இல்லாத எந்த வீட்டிலும் இன்றே தொடங்கலாம்.

கிழமையில் ஒரு நாள், ஒரே நேரம். ஞாயிறு பின்னேரம் நாலு மணி என்றால் எப்போதும் நாலு மணி. ஒரு பாய், ஒரு பெட்டி நிறையச் சாமான்: களிமண், சிரட்டை, சிப்பி, துணிப் பொம்மை, சில மிருகங்கள், தாள், நிறப் பென்சில். அந்தப் பெட்டி அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும். போன் அடுத்த அறையில். அரை மணி நேரத்துக்குப் பிள்ளைதான் தலைவர். நீங்கள் கற்பிக்கக்கூடாது. "இது என்ன நிறம்?" "எத்தனை யானை இருக்கு, எண்ணு பாப்பம்" என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். திருத்தவும் வேண்டாம். பசு பறந்தால் பறக்கட்டும். உங்களைச் சேர்த்துக்கொண்டால் சேருங்கள், "நான் என்ன செய்யட்டும்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். பிள்ளை அன்று குழப்படி செய்திருந்தாலும் இந்த நேரத்தைத் தண்டனையாக வெட்டாதீர்கள். அன்றுதான் அது கூடத் தேவை.

உம்மாவோ வாப்பாவோ அம்மாவோ அப்பாவோ, யாராக இருந்தாலும் இது முதலில் கடினமாகத்தான் இருக்கும். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தாய், "பிள்ளை சொல்றதக் கேட்டு நடக்கிறது எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். ஆறு கிழமை கழித்து, மகள் இரவில் தானாக வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று சொன்னார்.

எட்டு வயதுக்கு மேல் பல பிள்ளைகள் பொம்மையை எடுக்கக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்கு விதியுள்ள விளையாட்டுகள் பொருந்தும். கொக்கான் வெட்டும்போது கை தவறினால் அடுத்தவருக்கு விட வேண்டும். கிளித்தட்டில் மறிப்பவரைத் தாண்ட வேண்டும், மாட்டிக்கொண்டால் ஏற்க வேண்டும். தோல்வியைத் தாங்குவது, முறைக்குக் காத்திருப்பது, ஏமாற்றும் ஆசையோடு போராடுவது எல்லாம் அங்கே வரும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாலை விளையாட்டை முற்றாக நிறுத்திவிடும் வீடுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேர விளையாட்டு, படிப்பிலிருந்து திருடிய நேரம் அல்ல.

எப்போது உதவி தேட வேண்டும்?

பயங்கரமான ஒன்று நடந்த சில நாட்களுக்குப் பிள்ளை ஒட்டிக்கொண்டே திரிவது, தூக்கத்தில் எழுந்து அழுவது, சாப்பிட மறுப்பது எல்லாம் இயல்பு. வழக்கமான சாப்பாடு, வழக்கமான தூக்கம், பக்கத்தில் பழகிய ஆள், விளையாட இடம் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் குறையவில்லை என்றால், அல்லது பேச்சே நின்றுவிட்டால், விளையாடுவதையே விட்டுவிட்டால், வயதுக்குப் பொருந்தாத பாலியல் விளையாட்டு தெரிந்தால், சாக வேண்டும் என்று சொன்னால், காத்திருக்க வேண்டாம். விளையாட்டை விட்டுவிட்ட பிள்ளையைப் பற்றி யாரும் முறையிட மாட்டார்கள், 'அமைதியான பிள்ளை' என்று புகழ்வார்கள். எனக்கு அடிபிடி செய்யும் பிள்ளையைவிட அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை அதிகம்.

முதலில் போகக்கூடிய இடம் உங்கள் பிரதேச செயலகம். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். இல்லையென்றால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அது உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. துஷ்பிரயோகம் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், நீங்களே பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். விளையாட்டுச் சிகிச்சை செய்கிறேன் என்று சொல்பவரிடம், எங்கே பயிற்சி பெற்றீர்கள், யார் உங்களை மேற்பார்வை செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபிக்க மாட்டார்.

அறைக்குள் பிள்ளை என்ன விளையாடியது என்பதை ஒன்றுவிடாமல் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வார்கள். மற்றபடி எப்படி முன்னேறுகிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்பதைப் பேசுவார்கள். வெளியே வந்த பிள்ளையிடம் "என்ன விளையாடினாய்? மாமி என்ன கேட்டா?" என்று விசாரிக்காதீர்கள். ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

முதல் நாள் புறப்படும்போது பிள்ளைக்கு என்ன சொல்வது என்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. "உனக்குப் பயித்தியமா எண்டு பாக்கப் போறம்", "சொல்வழி கேக்காட்டி ஊசி போடுவாங்க" என்று பயமுறுத்திக் கூட்டி வந்த பிள்ளைகள் வாசலிலேயே அழுதிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் போதும்: "கொஞ்ச நாளா உனக்கு வயித்துவலி, இரவில பயம் எல்லாம் இருக்குதுதான. அங்க ஒரு மாமி இருக்கிறா. விளையாட்டுச் சாமான் நிறைய இருக்கு. ஊசி இல்ல, பாடம் இல்ல. நீ உள்ள விளையாடி முடியிற வரைக்கும் நான் வெளிய இந்தக் கதிரையிலதான் இருப்பன்." சொன்னபடி, அந்தக் கதிரையிலேயே இருங்கள்.